பின்னல் கலைஞர் எலிசபெத் சிம்மர்மேன்

எலிசபெத் சிம்மர்மேன் 1910ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். ஓவியம் பயில ஜெர்மனிக்குச் சென்ற அவர், அந்நாட்டைச் சேர்ந்த ஆர்னால்டை மணந்து, 1937இல் அமெரிக்காவில் குடியேறினார். கம்பளி நூலில் பின்னுவது சிறு வயது முதலே அவருக்குத் தெரிந்த கலை.

அக்காலத்தில் பலர் சட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இரண்டு நேர் ஊசிகளால் தனித்தனியே பின்னி, பிறகு தைத்து இணைத்தனர். அந்தத் தையல் வேலை எலிசபெத்துக்குப் பிடிக்கவில்லை. அவர் வட்ட ஊசியைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு குட்டை ஊசிகளை வளையும் கம்பியால் இணைத்தால் அதுவே வட்ட ஊசி. அதில் சுற்றிச் சுற்றிப் பின்னும்போது சட்டையின் உடல் பகுதி குழாய்போல் ஒரே துண்டாக வளரும். பக்கவாட்டில் தைக்க வேண்டியதில்லை.

ஆனால், அவர் எழுதி அனுப்பிய செய்முறையை வெளியிட்டவர்கள், அதை நேர் ஊசிக்கு ஏற்ப மாற்றிவிட்டனர். அதனால் 1958இல் அவர் சொந்தமாகவே செய்திமடல் வெளியிடத் தொடங்கினார்.

ஊசியில் விழும் நூல் வளையத்தைக் கண்ணி என்பர். ஊசி பருமனாக இருந்தால் கண்ணி பெரிதாகும். பின்னுபவரின் கைக்கு ஏற்பவும் அது மாறும். எனவே, முதலில் சிறு துண்டு ஒன்றைப் பின்னி, ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணிகள் உள்ளன என்று எண்ணும்படி எலிசபெத் கற்பித்தார். ஐந்து இருந்தால், 40 அங்குலச் சுற்றளவுள்ள சட்டைக்கு 200 கண்ணிகள் வேண்டும். மணிக்கட்டுக்கு அதில் 20 விழுக்காடு, அதாவது 40 கண்ணிகள். வகுப்பில் படிக்கும் விழுக்காட்டுக் கணக்கேதான் இது!

இம்முறையால், பிறர் தந்த அளவுகளை நம்பியிராமல் தங்களுக்கேற்ற சட்டையைப் பலர் தாங்களே திட்டமிட்டுப் பின்னினர். 1971இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அவர் 1999இல் காலமான பின்னரும், அவர் தொடங்கிய பதிப்பகத்தை அவருடைய மகள் தொடர்ந்து நடத்தினார்.