சிரிப்பின் பின்னே நின்ற கவிராயர்

இன்றைய திருப்பூர் மாவட்டத்துப் பூளவாடியில் 1899-ஆம் ஆண்டு பிறந்தவர் உடுமலை நாராயணகவி. இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. தீப்பெட்டி விற்றுப் பிழைத்தார். முத்துசாமிக் கவிராயரிடம் நாடகக்கலை பயின்றார். கதர் வணிகம் கடனில் முடியவே, மதுரை சென்று நாடகப் பாடல்கள் எழுதிக் கடனை அடைத்தார்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நட்பு அவர் வாழ்வின் திருப்பம். அவருக்காக இயற்றிய கிந்தனார் காலட்சேபம் 1949-இல் ‘நல்லதம்பி’ படத்தில் இடம்பெற்றது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் தில்லை காண ஏங்கினார். கிந்தனோ கல்விக்கு ஏங்கினான். கேலியென்று கேட்கத் தொடங்குவோர் தீண்டாமையின் கொடுமையை உணர்ந்து சற்றே தலைகுனிவர், சிரிப்போ நிற்பதில்லை. சலிப்பின்றி மீண்டும் மீண்டும் கேட்கத் தூண்டுவது இக்கலப்பே. படிப்பிழந்த பூளவாடிச் சிறுவனின் ஏக்கமும் அதில் ஒலிக்கிறது என்பது மிகையன்று.

திருவிழா ஒலிபெருக்கிகளிலும் வானொலியிலும் மக்கள் கேட்டு மகிழ்ந்த அந்த நகைச்சுவை, கலைவாணரின் குரலாகவே நினைவில் தங்கிற்று. எழுதிய கையை அறிந்தோர் சிலரே. பாடலாசிரியர்க்கு இது புதிதுமன்று. ‘வேலைக்காரி’, ‘பராசக்தி’ படங்களுக்கும் எழுதிய கவிராயர் 1981 மே 23-இல் மறைந்தார். அஞ்சல்தலை வெளிவந்தது 2008-இல். உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் உண்டு.