மதுரையில் பிழைத்த யாத்திரீகர்

மொராக்கோ நாட்டின் டாஞ்சியர் நகரில் 1304-ம் ஆண்டு பிறந்தவர் இபின் பதூதா. 21-வது வயதில் மக்கா யாத்திரை புறப்பட்டார். தாய்நாடு திரும்ப 24 ஆண்டுகள் ஆயின!

டில்லியில் துக்ளக் மன்னரிடம் நீதிபதியாக இருந்த அவர், 1340-களில் இலங்கையிலிருந்து தமிழகக் கரைக்கு வந்து சேர்ந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை.

மதுரையில் கொள்ளைநோய் தலைவிரித்தாடியது. படுத்தவர்கள் இரண்டு மூன்று நாளில் மாண்டார்கள். ஆரோக்கியமானவள் என்று சொல்லி விற்ற அடிமைப் பெண் ஒருத்தியை பதூதா வாங்கினார். மறுநாளே அவள் பிணமானாள்.

நோய் அரண்மனைக்குள்ளும் புகுந்தது. சுல்தானின் ஒரே மகன் இறந்தான். தாயும் இறந்தார். சுல்தானும் பிழைக்கவில்லை.

பதூதாவுக்கும் கடும் ஜுரம் கண்டது. நிறையப் புளியைக் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போயிற்று, ஜுரம் விட்டது. பிழைத்தோம் என்று ஊரை விட்டுக் கிளம்பினார்.

1348-ல் டமாஸ்கஸ் போனார். தந்தை இறந்து 15 ஆண்டு ஆகிவிட்டது, தாய் மட்டும் இருக்கிறார் என்று அங்கே தெரிந்தது. சில மாதங்களில் அந்த நகரைப் பிளேக் தாக்கியது. முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வேதத்தை ஏந்தி, வெறுங்காலுடன் ஒன்றாக நடந்து இறைவனை வேண்டினார்கள். அமீர்களும் கூடவே நடந்தார்கள்.

1349-ல் மொராக்கோ வந்தார். வீடு போய்ச் சேருமுன்பே செய்தி வந்தது. தாயையும் பிளேக் கொண்டுபோயிருந்தது. டாஞ்சியரில் அவர் கண்டது தாயின் சமாதியைத்தான்.