ஐந்து வயது வரை பேசாதவர், மீனாட்சியை நடக்க அழைத்த கதை: யார் இந்த குமரகுருபரர்?

குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வந்தால் போதும், கேக்கோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்துவிடும்: இன்னும் நடக்கலையா? பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாசத்துலயே நடந்துருச்சே என்று யாராவது சொன்னால், அன்றைக்கு அந்த அம்மாவுக்குத் தூக்கம் போச்சு.

குழந்தையின் இந்த முதல் நடையை ஒரு தனிப் பருவமாகவே வைத்து, மதுரை மீனாட்சி மீது பாடியவர் 17-ம் நூற்றாண்டுப் புலவர் குமரகுருபரர். அவரே பெற்றோரைத் தவிக்க வைத்த பிள்ளைதான்.

பேசாத பிள்ளை

தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டம்தான் சொந்த ஊர். அப்பா சண்முகசிகாமணிக் கவிராயர், அம்மா சிவகாமசுந்தரி. அப்பா கவிராயர், ஆனால் பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குப் போனார்கள். அங்கேதான் அவருக்குப் பேச்சு வந்தது என்றும், முதலில் பாடியது கந்தர் கலிவெண்பா என்றும் அவரது வரலாறு சொல்கிறது.

மதுரையில் நடந்தது என்ன?

வளர்ந்து மதுரைக்கு வந்தபோது, அங்கே திருமலை நாயக்கர் ஆட்சி (1623-1659). மீனாட்சியைச் சின்னக் குழந்தையாக நினைத்து, குமரகுருபரர் பாடியதுதான் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ். கோயிலில், அரசர் முன்னிலையில் அரங்கேற்றம் நடந்தது.

பிள்ளைத்தமிழ் என்பது குழந்தையின் வளர்ச்சியை பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடும் இலக்கியம். பருவத்துக்குப் பத்துப் பாட்டு. அதில் ஆறாவது, வருகைப் பருவம். தளர்நடை நடக்கும் குழந்தையை வா வா என்று கூப்பிடும் பகுதி.

அந்தப் பருவத்தைப் பாடிக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெண் குழந்தை நடந்து வந்து அரசர் மடியில் உட்கார்ந்ததாம். புலவர் கழுத்தில் முத்துமாலை ஒன்றைப் போட்டுவிட்டு மறைந்துபோனதாம். வந்தது மீனாட்சியே என்பது மதுரைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. நடக்க அழைக்கும் பாட்டுக்கு, குழந்தை நடந்தே வந்துவிட்டது!

பாட்டில் இருக்கும் வளர்ச்சிக் கணக்கு

பிள்ளைத்தமிழின் பருவங்களைக் கொஞ்சம் கவனித்தால், இன்றைய குழந்தை மருத்துவர்கள் பார்க்கும் வளர்ச்சிப் படிகள் தெரியும்.

செங்கீரை, 5-ம் மாதம்: கைகளைத் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலையைத் தூக்கி ஆடுவது. தவழ்வதற்கான ஒத்திகை இது.

சப்பாணி, 9-ம் மாதம்: உட்கார்ந்து கை தட்டுவது. கையை ஊன்றாமல் உட்கார முடிந்தால்தானே கை தட்ட முடியும்? முதுகுக்கும் இடுப்புக்கும் பலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வருகை, 12 அல்லது 13-ம் மாதம்: தளர்நடை.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட பல நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கிய சராசரி வயது, சுமார் 12 மாதம். பழைய கணக்கும் புதிய கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன.

ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் பயம்தான் மிஞ்சும். அதே ஆய்வில் ஆரோக்கியமான குழந்தைகள் நடக்கத் தொடங்கியது 8.2 மாதத்தில் இருந்து 17.6 மாதம் வரை. கை, முழங்காலில் தவழாமலேயே அடுத்த படிக்குப் போன குழந்தைகளும் 4 சதவீதத்துக்கு மேல் உண்டு. அதனால் பத்து மாதத்தில் நடந்த குழந்தையும் பதினாறு மாதத்தில் நடந்த குழந்தையும் நார்மல்தான்.

முதல் அடியோடு முடிவதில்லை

புதிதாக நடக்கும் குழந்தை காலை அகட்டி, கையை மேலே தூக்கி, பாதத்தைத் தட்டையாகப் பதித்து நடக்கும். விழாமல் இருக்க உடம்பு கண்டுபிடித்த வழி அது. குதிகாலை முதலில் ஊன்றி, கைவீசி நடப்பது இரண்டு வயதை ஒட்டித்தான் வரும். பெரியவர்களைப் போன்ற நடைக்கு சுமார் 7 வயது ஆகும்.

நடுவில் நிறைய விழும். 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் மணிக்கு சராசரியாக 2,368 அடி வைத்தன. 17 முறை விழுந்தன. சீக்கிரம் நடக்கட்டும் என்று வாக்கரில் உட்கார வைப்பது உதவாது. விபத்து ஆபத்து காரணமாக கனடா 2004-லேயே பேபி வாக்கரைத் தடை செய்துவிட்டது.

காசி வரை போன பயணம்

மதுரைக்குப் பிறகு குமரகுருபரர் தருமபுரம் ஆதீனம் மாசிலாமணி தேசிகரைக் குருவாக ஏற்றார். வைத்தீஸ்வரன் கோயில் முருகன் மீதும் ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். காசிக்குப் போய், அங்கே பேச வேண்டிய இந்துஸ்தானி மொழிக்காக சரஸ்வதியை வேண்டி சகலகலாவல்லி மாலை பாடினார் என்பது மரபு. ஐந்து வயது வரை பேசாதவர் புது மொழியில் பேசி, காசியில் மடம் நிறுவினார். காசியிலேயே காலமானார். அந்த மடம்தான் பிற்காலத்தில் திருப்பனந்தாளைத் தலைமையிடமாகக் கொண்ட காசி மடம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, தானா வந்துடும் என்று ஐந்து வயது வரை காத்திருக்கக் கூடாது. குமரகுருபரரின் பெற்றோருக்கு அன்று தெரிந்த வழி திருச்செந்தூர். இன்று கோயிலுக்குப் போனாலும், மருத்துவரிடமும் போகலாம்.

* 9 மாதம் முடிந்தும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை
* 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை, அல்லது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை
* ஒரு பக்கக் கை, காலை மட்டுமே அதிகம் பயன்படுத்துகிறது
* எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கிறது
* முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை

இதில் ஒன்று இருந்தாலும் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் வளர்ச்சித் தாமதத்துக்கான பரிசோதனை இலவசம். விசாரிக்க, பக்கத்து அங்கன்வாடியில் இருந்தே தொடங்கலாம்.

இவை எதுவும் இல்லையா? அப்போ பக்கத்து வீட்டுக் கணக்கை விட்டுவிட்டு, நாலடி தள்ளி உட்கார்ந்து கையை நீட்டி, வா என்று கூப்பிடுங்கள். வருகைப் பருவத்தில் குமரகுருபரர் செய்ததும் அதைத்தான்.