கரங்களை இணைத்த கலைஞர்

ஜமைக்கா நாட்டின் நைன் மைல் என்னும் சிற்றூரில் 1945 பிப்ரவரி 6ஆம் நாள் பிறந்தவர் பாப் மார்லி. கிங்ஸ்டன் நகரின் ஏழையர் குடியிருப்பில் வளர்ந்து, ரெகே இசையை உலகறியச் செய்தார்.

அரசியல் பகை மூண்டிருந்த 1976 டிசம்பர் 3ஆம் நாள், அவர் இல்லத்துள் புகுந்தோர் அவரைச் சுட்டனர். காயமுற்ற அவர் இரண்டே நாளில் மேடையேறிப் பாடினார். பின்னர் இலண்டன் சென்றார். 1978 ஏப்ரல் 22 அன்று தாயகத்து மேடையில், எதிரெதிர்க் கட்சித் தலைவர்களான மைக்கேல் மேன்லி, எட்வர்ட் சியாகா ஆகியோரின் கரங்களை இணைத்தார்.

எனினும் 1980 தேர்தலில் மீண்டும் குருதி பெருகிற்று. 1981 மே 11ஆம் நாள், 36ஆம் அகவையில், புற்றுநோயால் மறைந்தார்.

2024இல் வெளிவந்த 'பாப் மார்லி: ஒன் லவ்' திரைப்படம் அவ்விரு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட காலத்தையே முதன்மையாகச் சித்திரிக்கின்றது. அவர் இசை பகையை வேரறுக்கவில்லை. ஆயினும், சுடப்பட்டவரே சமாதானத்திற்கு முன்வந்தார் என்பதை வரலாறு மறவாது.