பட்டாணிச் செடிகளை எண்ணிய துறவி

ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் ஏன் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதில்லை? பாட்டனிடம் இருந்த ஒரு சாயல் மகனிடம் காணாமற்போய், பேரனிடம் மறுபடி தோன்றுவது எப்படி? தொட்டிலைச் சுற்றி நின்று இதைப் பேசாத குடும்பம் கிடையாது. இந்தக் கேள்விக்கு முதன்முதலாகக் கணக்கோடு விடை கண்டவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதைப் பலர் அறியார். அவர்தாம் அர்ச். அகுஸ்தீனார் சபைத் துறவியான கிரகோர் மெண்டல் சுவாமியார். இன்று மரம், மிருகம், மனிதர் யாவற்றின் டி.என்.ஏ.யையும் ஆராய்ந்து ஒன்றுக்கொன்றுள்ள வேறுபாட்டைக் காணும் பெரிய சாஸ்திரத்துக்கு அவருடைய பட்டாணிப் பாத்தியே அஸ்திவாரம்.

ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில், ஹைன்சென்டார்ஃப் என்னும் சிறு கிராமத்தில் 1822-ம் ஆண்டு ஜூலை மாதம் அவர் பிறந்தார். அந்த ஊர் இன்று செக் குடியரசைச் சேர்ந்தது. ஞானஸ்நானத்தில் அவருக்கு இட்ட பெயர் யோஹான். தந்தை அந்தோனி ஓர் ஏழைக் குடியானவர். வாரத்தில் மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் வெட்டிவேலை செய்துவிட்டு, மிச்ச நாளில் தம் நிலத்தைப் பார்ப்பார். அவ்வூர்ப் பங்குக்குரு தம் ஜனங்களுக்கு ஜெபத்தோடு பழமரம் வளர்க்கவும், நல்ல கிளையை எடுத்து ஒட்டுக்கட்டவும் கற்பித்தவர். சிறுவன் யோஹானுக்குச் செடிகொடிகளில் ஆசை வந்தது அங்கேதான்.

பையன் கெட்டிக்காரன் என்று கண்டு பெற்றோர் அவனைத் தூரத்துப் பட்டணத்தில் படிக்கவைத்தார்கள். அவர்களால் அரைச் சாப்பாட்டுக்குத்தான் பணம் கட்ட முடிந்தது. 1838-ல் வெட்டிவேலையின்போது பெரிய மரம் ஒன்று உருண்டு தந்தையின் நெஞ்சை நசுக்கிற்று. அன்றுமுதல் அவர் பழைய ஆளாக இல்லை. பதினாறு வயது யோஹான் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தன் வயிற்றைக் கழுவினான். கவலையும் பசியும் சேர்ந்து பலமுறை அவனைப் படுக்கையில் தள்ளின. மேற்படிப்புக்கு வழியில்லாமல் தவித்தபோது, இளைய சகோதரி தெரேசாள் தனக்கென வைத்திருந்த சீதனத்தில் ஒரு பங்கை அண்ணன் கையில் கொடுத்தாள். அந்தக் கடனை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் அவளுடைய மூன்று ஆண்மக்களையும் படிக்கவைத்தார்; அவர்களில் இருவர் வைத்தியர்களானார்கள்.

1843-ல் பிர்னோ நகரத்து அர்ச். தோமையார் மடத்தில் அவர் சேர்ந்து கிரகோர் என்னும் பெயர் பெற்றார். நாப் என்ற மடாதிபதி கல்வியை மிக நேசித்தவர். அந்த மடத்தில் ஜெபமும் புத்தகமும் தோட்டமும் ஒன்றாக வாழ்ந்தன. 1847-ல் மெண்டல் குருப்பட்டம் பெற்றார். ஆனால் நோயாளிகளைச் சந்திக்கும் பணியில் அவர்களுடைய வேதனையைக் கண்டு தாமே நோயாளியாகிவிடுவார். இதை அறிந்த மடாதிபதி அவரைப் பள்ளி ஆசிரியராக அனுப்பினார்.

அங்கும் இலகுவான வழி கிடைக்கவில்லை. ஆசிரியர் தகுதிக்கான பரீட்சையில் 1850-ல் தோற்றார். வியன்னா சர்வகலாசாலையில் இரண்டு வருஷம் பௌதிகமும் கணிதமும் தாவர சாஸ்திரமும் கற்றுவந்து, 1856-ல் மீண்டும் எழுதப் போனார். அதிலும் வெற்றி இல்லை. தகுதிப் பத்திரம் இல்லாத ஆசிரியராகவே அவர் பல வருஷம் பாடம் சொன்னார். பரீட்சையில் இரண்டாந்தரம் தவறிய அதே 1856-ல்தான் மடத்துத் தோட்டத்தில் தம் பெரிய வேலையைத் தொடங்கினார்.

கலப்பினச் செடிகளை வளர்த்தவர்கள் அவருக்கு முன்னும் இருந்தார்கள். பாலும் தண்ணீரும்போலத் தாயின் குணமும் தந்தையின் குணமும் கலந்துவிடும் என்பதே அக்காலத்துப் பொது எண்ணம். மெண்டல் ஊகிப்பதை விட்டு எண்ணிப் பார்க்கத் துணிந்தார். விதை வியாபாரிகளிடம் 34 வகைப் பட்டாணி வாங்கி, இரண்டு வருஷம் சோதித்து, மாறாமல் விளையும் 22 வகைகளைத் தெரிந்துகொண்டார். விதையின் உருவம், விதையின் நிறம், மேல்தோலின் நிறம், காயின் உருவம், காயின் நிறம், பூ நிற்கும் இடம், தண்டின் உயரம் என ஏழு குணங்களை மட்டும் கவனித்தார்.

பட்டாணிப் பூ தன்னிலேயே கருத்தரிப்பது. ஆகவே மொட்டு மலருமுன் சிறு இடுக்கியால் அதைத் திறந்து, மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, வேறு வகைச் செடியின் மகரந்தத்தைத் தடவி, வண்டு வந்து கெடுக்காதபடி சிறு பையால் மூடிக் கட்டுவார். எட்டு வருஷத்தில் ஏறக்குறைய 28,000 செடிகள் அவர் கையில் வளர்ந்தன.

கண்டது என்ன? உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் இணைத்தபோது, பிறந்த விதை எல்லாம் உருண்டை. சுருக்கம் அழிந்துபோயிற்று என்றே யாரும் சொல்லுவார்கள். அவரோ அந்த விதைகளை மறுவருஷம் விதைத்துத் தன்னிலே கருத்தரிக்கவிட்டார். அறுவடையில் 5,474 உருண்டை விதைகள் கிடைத்தன. கூடவே 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன! ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஏழு குணங்களிலும் இதே கணக்குத்தான் வந்தது. இதிலிருந்து அவர் அறிந்தது யாதெனில், ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு செடியில் இரண்டு காரணிகள் உண்டு; ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. அவை கலந்து கரைந்துபோவதில்லை. ஒன்று மற்றதை மறைக்கலாம், ஆனால் அழிப்பதில்லை. மறைந்தது அடுத்த தலைமுறையில் மாறாமல் வெளிவரும்.

1865-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதியும் மார்ச் 8-ந் தேதியும் பிர்னோ நகர இயற்கை விஞ்ஞானச் சங்கத்தில் இதை வாசித்தார். மறுவருஷம் அது அச்சாயிற்று. பிரதிகளைப் பல நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். அதன் முக்கியத்துவத்தைக் கண்டுகொண்டவர் எவருமில்லை. மியூனிக் நகரத்துப் பேராசிரியர் நேகலி மட்டும் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார். அவரும் பட்டாணிக் கணக்கின் பொருளை உணரவில்லை. அவருக்குப் பிரியமான வேறொரு காட்டுப்பூச் செடியில் மெண்டல் பல வருஷம் உழைத்தார். அந்தச் செடியோ பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை தருவது. ஆகவே அதில் கணக்கு ஒத்துவரவில்லை.

1868-ல் அவர் மடாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிர்வாகம் அவர் நேரத்தை விழுங்கிற்று. தேனீ வளர்ப்பதும் மழை காற்றைக் குறித்துவைப்பதும் மட்டும் நிற்கவில்லை. 1874-ல் அரசாங்கம் மடங்களின்மேல் போட்ட வரி அநியாயம் என்று எதிர்த்து, சாகும்வரை போராடிப் பல சிநேகிதரை இழந்தார். சிறுநீரக வியாதியால் நலிந்து, 1884-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று, தம் ஆத்துமத்தைக் கர்த்தரிடம் ஒப்படைத்தார். நகரத்து ஏழைகள் ஓர் உபகாரியை இழந்தோமென்று அழுதார்கள். உலகம் ஒரு பெரிய விஞ்ஞானியை இழந்தது. அது உலகத்துக்கே அன்று தெரியாது. 1900-ல்தான் டி விரீஸ், கோரன்ஸ், செர்மாக் என்னும் மூவர் தனித்தனியே அதே கணக்கைக் கண்டு, பழைய ஏடுகளில் அவருடைய கட்டுரையைக் கண்டெடுத்தார்கள்.

அவர் சொன்ன காரணி எந்தப் பொருளால் ஆனது? அவர் மடாதிபதியான மறுவருஷம், 1869-ல், மீஷர் என்னும் சுவிஸ் வைத்தியர், புண்ணுக்குக் கட்டிய துணிகளில் ஒட்டிய சீழ் அணுக்களிலிருந்து ஒரு புதுப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் டி.என்.ஏ. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று எவருமில்லை. 1953-ல் அதன் அமைப்பு, முறுக்கிய ஏணிபோன்றதென்று தெரிந்தது. அதன் படிகள் நான்கு வகை இரசாயன எழுத்துகளால் ஆனவை. அந்த எழுத்துகளின் வரிசையே உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட பாடம்.

இப்போது விஞ்ஞானிகள் ஓர் இலையையோ ஒரு துளி இரத்தத்தையோ எடுத்து, அணுக்களை உடைத்து, டி.என்.ஏ.யைப் பிரித்து, வேண்டிய பகுதியைப் பலகோடி பிரதியாகப் பெருக்கி, எழுத்து எழுத்தாக வாசிக்கிறார்கள். பிறகு ஒரே இனத்தைச் சேர்ந்த பலவற்றின் பாடங்களை அருகருகே வைத்து, எங்கே எழுத்து மாறுகிறது, அந்த மாற்றத்தோடு எந்தக் குணம் கூடவே வருகிறது என்று ஒப்பிடுகிறார்கள். மெண்டல் வெளியே எண்ணியதை இவர்கள் உள்ளே வாசிக்கிறார்கள் எனலாம்.

அவருடைய பட்டாணியையும் இப்படி வாசித்தார்கள். 1990-ல் சுருங்கிய விதையின் இரகசியம் வெளிப்பட்டது. மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் ஒரு நொதியின் பாடத்தில், நடுவே ஏறத்தாழ 800 எழுத்துகள் தவறாகப் புகுந்திருந்தன. அதனால் மாவு குறைந்து சர்க்கரை மிஞ்சுகிறது. விதை நீரை அதிகம் உறிஞ்சி, காயும்போது சுருங்குகிறது. நம் அடுக்களைக்கு வரும் இனிப்பான பச்சைப் பட்டாணி பெரும்பாலும் இந்தச் சுருங்கும் வகையே. 1997-ல், குட்டைச் செடிக்குக் காரணம் ஒரே ஓர் எழுத்தின் மாற்றம் என்று கண்டார்கள். 2025-ல் இங்கிலாந்து, சீன விஞ்ஞானிகள் ஏறக்குறைய 700 வகைப் பட்டாணியின் டி.என்.ஏ.யை ஒப்பிட்டு, மிச்சமிருந்த மூன்று குணங்களின் காரணத்தையும் வெளியிட்டார்கள். சுவாமியார் தெரிந்துகொண்ட ஏழு குணங்களுக்கும் இப்போது விடை கிடைத்தாயிற்று.

ஒரு குணம் மறைந்திருப்பதன் காரணமும் விளங்கிற்று. இரண்டு பிரதிகளில் ஒன்று சரியாயிருந்தால் விதைக்கு வேண்டிய நொதி கிடைத்துவிடும். ஆகவே குறை வெளியே தெரியாது. இரண்டும் பழுதானால்தான் தெரியும்.

அவருடைய 200-வது பிறந்த ஆண்டையொட்டி, 2021-ல், பிர்னோ விஞ்ஞானிகள் அகுஸ்தீன் சபையாரின் சம்மதத்தோடு துறவிகளின் கல்லறையைத் திறந்து, அவருடைய எலும்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவர் உபயோகித்த பொருள்களில் கிடைத்த டி.என்.ஏ.யோடு ஒப்பிட்டு, அவரே என்று உறுதி செய்தார்கள். இருதய வியாதிக்கும் சிறுநீரக வியாதிக்கும் ஏதுவான எழுத்து மாற்றங்கள் அதில் காணப்பட்டன. பரம்பரையின் சட்டத்தைக் கண்டவர், தாமும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவராகவே வாழ்ந்து மரித்தார்.

பங்குக் குடும்பங்களே, இது படித்தவர்களுக்கு மட்டும் உரிய சங்கதியல்ல. தலசீமியா, அரிவாள் அணுச் சோகை என்னும் இரத்த வியாதிகள் இதே பட்டாணிக் கணக்கில்தான் வருகின்றன. தாயிடம் ஒரு பழுதான பிரதி, தந்தையிடம் ஒரு பழுதான பிரதி. இருவருக்கும் வியாதி இல்லை. ஆனால் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வியாதி வர இடமுண்டு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த பிள்ளைக்கு வராது என்பதுமில்லை. நெருங்கிய இரத்த சொந்தத்தில் கலியாணம் செய்யும்போது, ஒரே பாட்டனிடமிருந்து இருவருக்கும் ஒரே பழுது வந்திருக்கக்கூடும். ஆகையால் அபாயம் அதிகம். கலியாணத்துக்கு முன்னரே இரத்தப் பரிசோதனை செய்து இதை அறிந்துகொள்ளலாம், வேண்டுமானால் டி.என்.ஏ. பரிசோதனையும் உண்டு.

அப்படியிருக்க, நோயோடு ஒரு குழந்தை பிறந்தால் மருமகளைத் தூற்றுவதும், அவள் வந்த வேளை சரியில்லை என்பதும், அவள் வீட்டார் இரத்தத்தைப் பழிப்பதும் எவ்வளவு பெரிய அநியாயம்! மறைந்திருந்த பிரதிகளில் ஒன்று மகனுடையதுதானே? இருவரும் அறியாமலே சுமந்தது. எவர் பாவமும் அதற்குக் காரணமல்ல. இதை ஒரு வீடு உணர்ந்துகொண்டாலும் ஒரு தாயின் கண்ணீர் துடைக்கப்படும்.

வேதனைப்படுகிறவர்களைப் பார்க்கத் தாளாமல் படுக்கையில் விழுந்த அந்த இளங்குரு, நோயாளியின் கட்டிலை விட்டு விலகித் தோட்டத்துக்குப் போனதாகத்தான் அன்று தோன்றியிருக்கும். ஆனால் எட்டு வருஷம் அவர் பொறுமையோடு எண்ணிய விதைகள், இன்று தேசமெங்கும் நோயாளிகளின் கட்டிலருகே மருத்துவருக்குத் துணை நிற்கின்றன. தம் வாழ்நாளில் பலனைக் காணாவிட்டாலும், கையில் கிடைத்த சிறு வேலையை உண்மையோடு செய்து முடித்தவரின் உழைப்பு வீணாவதில்லை.