நகரசபைத் தொண்டர் ஸர் பிரோஸ்ஷா மேத்தா

நாடாளும் மன்றங்களிலே வீற்றிருந்து புகழ் பெற்ற பெரியாரது சரிதங்களை நம்மவர் விரும்பிப் படிக்கின்றனர். குழாய்நீர், சாக்கடை, தெருவிளக்கு, சந்தை, வரிக்கணக்கு என்று பலரும் சிறியவாக எண்ணும் காரியங்களிலே தம் வாணாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டாரது சரிதத்தை அத்துணை விரும்பிப் படிப்பாரில்லை. ஆயினும், காலையில் எழுந்தவுடன் நமக்கு வேண்டுவது நல்ல நீரும் துப்புரவான தெருவுமேயன்றோ? அவற்றை ஊரார்க்கு ஒழுங்காகக் கிடைக்கச் செய்யும் சபை நன்றாக நடந்தால் ஊர் வாழும். அது கெட்டால் செல்வரும் வறியரும் ஒருங்கே துன்புறுவர். ஆதலின், இன்று மும்பை எனப்படும் பம்பாய் மாநகரத்தின் நகரசபைக்கு ஏறக்குறைய 40 ஆண்டு உழைத்த ஸர் பிரோஸ்ஷா மேத்தா என்பாரது வாழ்க்கையை இவ்விதழில் எடுத்துரைக்கத் துணிந்தேன்.

பிரோஸ்ஷா 1845-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ஆம் நாள் பம்பாயிலே ஒரு பார்ஸி வணிகர் குடும்பத்திற் பிறந்தார். பார்ஸிகள் முற்காலத்தே பாரசீகத்தினின்றும் தம் சமயத்தைக் காத்தற்பொருட்டுக் குஜராத்துக் கரையில் வந்திறங்கியவர்களின் வழியினர். எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகத்தார். பிரோஸ்ஷா எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்று 1864-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்கல்லூரித் தலைவராயிருந்த ஸர் அலெக்ஸாண்டர் கிராண்ட் என்னும் ஆங்கிலப் பெரியார் இவரது அறிவுக் கூர்மையைக் கண்டு, சட்டம் பயில இங்கிலாந்து செல்லுதற்கு உதவிச்சம்பளம் கிடைக்குமாறு செய்தார். இலண்டன் சென்ற பிரோஸ்ஷா, தாதாபாய் நௌரோஜியாரோடு பழகி நாட்டுத் தொண்டில் நாட்டங் கொண்டார். 1868-இல் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார்.

அக்காலத்துப் பம்பாயின் நிலையை இங்கே சிறிது கூறல் வேண்டும். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்து சேர்வது தடைப்பட்டது. அதனால் பம்பாய் வழியாகச் சென்ற பருத்திக்கு விலை மிக ஏறிற்று. பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. போர் முடிந்ததும் அவ்வெள்ளம் வடிந்து, பல செல்வர் ஒரே ஆண்டில் வறியராயினர். நகர நிருவாகமோ 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவர்ன்மெண்டார் நியமித்த ஜஸ்டிஸ்கள் என்னும் கனவான்களின் சபையிடத்தும், முனிசிபல் கமிஷனர் என்னும் ஓர் உத்தியோகஸ்தரிடத்தும் இருந்தது. ஜஸ்டிஸ்கள் மேற்பார்வை செய்தல் வேண்டும். கமிஷனர் காரியம் நடத்தல் வேண்டும். நடைமுறையிலே மேற்பார்வை பெயரளவாய் நின்றது. அதிகாரமெல்லாம் கமிஷனர் கையதாயிற்று.

அப்பதவியிலிருந்த ஆர்தர் கிராபோர்டு என்பவர் ஊக்கம் மிக்கவர். சாலைகளை அகலப்படுத்தினார், கழிவுநீர் வாய்க்கால்களைச் சீர்ப்படுத்தினார், அவர் பெயரால் வழங்கிய பெருஞ்சந்தையைக் கட்டுவித்தார். நகரம் அழகும் சுகாதாரமும் பெற்றது மெய். ஆனால் செலவோ வரவை மீறிற்று, வரிச்சுமை ஏறிற்று. பெருநட்டத்தால் நொந்திருந்த குடிகள் 1871-இல் வெகுண்டெழுந்து, கமிஷனரை நீக்குக என்று கூக்குரலிட்டனர்.

இந்நிலையில், அகவை 26 மட்டுமே நிரம்பிய பிரோஸ்ஷா, மக்கள் திரண்டிருந்த ஒரு கூட்டத்தில் தம் கருத்தை எழுதிப் படித்தார். கமிஷனரை வைதிருந்தால் கைதட்டுப் பெற்றிருப்பார். அவர் அது செய்திலர். கிராபோர்டு செய்த வேலைகள் நகரத்துக்கு இன்றியமையாதன என்றும், கணக்கைக் கேட்டு அடக்க வேண்டிய ஜஸ்டிஸ்கள் தம் கடமையைச் செய்யாது உறங்கினர் என்றும், குற்றம் ஓர் ஆளிடத்தன்று, சபையின் அமைப்பிடத்தே உள்ளது என்றும் எடுத்துக்காட்டினார். வரி கொடுப்போர் தாமே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் சபையில் இருத்தல் வேண்டும். காரியம் நடத்தும் பொறுப்பு பலர் கையிற் சிதறாது ஒருவரிடத்தே நிற்றல் வேண்டும். அவ்வொருவர் சபைக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே அவரது திட்டம். கூட்டத்தார் கூச்சலிட்டு அவரை இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சி அவரை அசைக்கவில்லை.

அடுத்த ஆண்டிலேயே அவர் கருத்தைப் பெரிதும் ஒத்த சட்டம் பிறந்தது. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 64 அங்கத்தினர் கொண்ட கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. அவருள் 32 பேர் வரிசெலுத்துவோராலும், 16 பேர் ஜஸ்டிஸ்களாலும் தேர்ந்தெடுக்கப்படுவர். 16 பேர் கவர்ன்மெண்டாரால் நியமிக்கப்படுவர். அன்று பிரோஸ்ஷாவை இகழ்ந்த நகரத்தாரே தேர்தலுரிமை பெற்று மகிழ்ந்தனர்; அவரும் அச்சபையில் அங்கத்தினராய்ப் புகுந்தார்.

நகரசபைக் கூட்டம் என்பது யாது? முன்னறிவிப்பு அனுப்பப்படும், நிகழ்ச்சிக் குறிப்பு வரும், அதனோடு கட்டுக்கட்டாகக் காகிதங்கள் வரும். ஒரு தெருவிற்கு வாய்க்கால் வெட்டுவதற்கு இத்துணை ரூபாய், ஒரு குத்தகைக்கு இன்னார் கேட்ட தொகை இவ்வளவு, ஓர் உத்தியோகஸ்தர்க்கு விடுமுறை, ஒரு கடனுக்கு வட்டி என்று உயிரற்றன போலத் தோன்றும் விஷயங்களே அவற்றுள் நிறைந்திருக்கும். பலர் அவற்றைப் பிரித்தும் பாராது வந்து, அண்டையிலிருப்பவர் கை தூக்கத் தாமும் கை தூக்கிச் செல்வர். பிரோஸ்ஷா அங்ஙனம் செய்பவரல்லர். வழக்குமன்றத்திலே கட்சிக்காரரின் காகிதங்களை ஆராய்வது போலவே நகரத்தின் காகிதங்களையும் ஆராய்ந்து வருவார். எண்களிற் பிழையிருப்பின் அதனை எடுத்துக் காட்டுவார். விதிக்கு மாறாக ஒரு பிரேரணை வந்தால், அதைக் கொணர்ந்தவர் நண்பரே யாயினும் தடுப்பார். வினா, பிரேரணை, திருத்தம், வாக்கெடுப்பு என்னும் முறைகள் வெறுஞ்சடங்கல்ல. எளியவன் ஒருவனது குறையும் வலியவரது செவியில் ஏறுதற்கு அமைந்த படிகள் அவை என்பதை அவர் தம் நடக்கையாற் காட்டினார்.

1882-ஆம் ஆண்டிலே வைஸ்ராய் ரிப்பன் பிரபு தலத்தாபன சுயவாட்சியை வளர்க்குமாறு தீர்மானம் வெளியிட்டார். 1884-இலும் 1885-இலும் பிரோஸ்ஷா கார்ப்பொரேஷனின் அக்கிராசனராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1884 டிசம்பரில் நகரசபைக் கட்டிடத்துக்கு ரிப்பன் பிரபு அடிக்கல் நாட்டியது இவர் தலைமைக் காலத்திலேயாம்.

இவரது உழைப்பின் முடிமணியாக விளங்குவது 1888-ஆம் ஆண்டு நகரசபைச் சட்டம். அதற்கென முதலில் வகுக்கப்பட்ட மசோதா கமிஷனர்க்கு மிகுந்த அதிகாரமும் சபைக்குக் குறைந்த உரிமையும் தருவதாயிருந்தது. அக்காலத்தில் பம்பாய்ச் சட்டசபையில் நியமன அங்கத்தினராயிருந்த பிரோஸ்ஷாவும், பேரறிஞர் காசிநாத் திரியம்பக் தெலாங்கும் அம்மசோதாவைப் பகுதி பகுதியாக ஆராய்ந்து வாதிட்டுத் திருத்தினர். முடிவில், நகர நிருவாக உரிமை கார்ப்பொரேஷனைச் சார்ந்ததே என்னும் கொள்கை சட்டத்தில் நிலைநாட்டப்பட்டது. அங்கத்தினர் தொகை 72 ஆயிற்று. அவருள் வரிசெலுத்துவோர் தேர்ந்தெடுப்பவர் 36 பேர், அதாவது சரிபாதியர். சுதந்திர பாரதத்திலும் அச்சட்டம் பற்பல திருத்தங்களோடு மும்பை நகரசபைக்கு அடிப்படையாக நிற்கின்றது. இவ்வளவு நெடுங்காலம் நின்ற சட்டம் ஒன்றை ஆக்கியவருள் ஒருவராதல் எளிய பேறோ?

நகரத்தின் நீர்முட்டைத் தீர்க்கத் தான்ஸா ஆற்றிலே பேரணை கட்டி, நெடுந்தொலைவினின்றும் குழாய்வழியே நீர் கொணரும் பெருவேலை 1892-இல் நிறைவெய்தியது. நகரக் காவற்படையின் செலவைக் கார்ப்பொரேஷன் மேற் சுமத்தக் கவர்ன்மெண்டார் முற்பட்ட போதெல்லாம் இவர் எதிர்த்து நின்றார். காவற்படையின்மேல் நகரசபைக்கு அதிகாரம் சிறிதும் இல்லாதிருக்க, அதன் செலவை மட்டும் நகரத்தார் தாங்குவது முறையன்றென்பது அவர் வாதம்.

இங்ஙனம் நகரசபையிலே இவரது செல்வாக்கு ஓங்கியதனால் பகையும் வளர்ந்தது. இவரை முடிசூடா மன்னர் என்று நண்பர் புகழ, அச்சொல்லையே பகைவர் குற்றமாக எடுத்தோதினர். 1907-ஆம் ஆண்டுத் தேர்தலில் இவரை நகரசபையினின்றும் அகற்றக் கருதி, உயர்ந்த உத்தியோகஸ்தர் சிலரும் பெரும் பத்திரிகையொன்றின் ஆசிரியரும் கூடி ஒரு கூட்டணி அமைத்தனர். ஜஸ்டிஸ்கள் தேர்ந்தெடுக்கும் 16 இடங்களுக்கு 16 பேர் பெயரைக் குறித்து, அப்பதினாறு பெயர்க்கே வாக்களிக்குமாறு உழைத்தனர். வாக்கெண்ணியபோது பிரோஸ்ஷா பதினேழாமவராக நின்றார். முப்பத்தைந்தாண்டு உழைத்தவர்க்குச் சபையில் இடமில்லை!

நகரத்தார் கொதித்தெழுந்தனர், கண்டனக் கூட்டம் கூட்டினர். பிரோஸ்ஷாவோ மனங்கலங்காது சட்டத்தின் வழியே சென்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட பதினாறு பேருள் ஒருவர் நகரசபையோடு ஒப்பந்தத் தொடர்புடையவர். சபையின் பொருளால் ஊதியம் பெறுவோர் சபையில் அமரலாகாதென்பது விதி. வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. அவரது தேர்தல் செல்லாதென முடிந்தது. பதினேழாமவராயிருந்த பிரோஸ்ஷா அவ்விடத்தைப் பெற்றார். விதிகளைக் காக்கப் பல்லாண்டு போராடினாரை அவ்விதிகளே தக்க காலத்திற் காத்தன. 1911-இல் அவரே மீண்டும் அக்கிராசனரானார்.

நகரசபைக்குப் புறம்பேயும் இவர் பணி பெரிது. 1890-இல் கல்கத்தாவிற் கூடிய காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரைக் கூற 1896-இல் காந்தியடிகள் பம்பாய் வந்தபோது, பொதுக்கூட்டம் கூட்டித் தாமே தலைமை தாங்கினார். 1904-இல் ஸர் பட்டம் பெற்றார். 1913-இல் பம்பாய் கிரானிக்கிள் என்னும் பத்திரிகையை நிறுவினார்.

குற்றமே இல்லாதவர் என்று இவரைக் கூறுதல் உண்மையாகாது. தம் கருத்துக்கு மாறுபட்டாரை வன்சொல்லால் வீழ்த்தும் இயல்பு இவரிடத்து உண்டு. சபை முழுதும் தம் சொற்படியே நடத்தல் வேண்டுமென்னும் விருப்பமும் உண்டு. நாட்டு விடுதலையில் விரைவு வேண்டினாரோடு இவர் ஒத்துப் போகவில்லை. 1907-இல் சூரத்திலே காங்கிரஸ் பிளவுபட்டபோது மிதவாதிகளின் தலைவருள் ஒருவராக நின்றார். இவையெல்லாம் மெய்யே. ஆயினும், நகரத்தின் பணத்தில் ஒரு காசும் தமக்காக்கிக் கொண்டார் என்று பகைவரும் சொன்னதில்லை.

1915-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ஆம் நாள் ஸர் பிரோஸ்ஷா மேத்தா இவ்வுலக வாழ்வை நீத்தார். நகரசபைக் கட்டிடத்தின் முன்னே அவரது உருவச்சிலை நிற்கின்றது. உள்ளே செல்லும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அதனைக் கடந்தே செல்லல் வேண்டும்.

அன்பர்காள்! நம் சங்கத்து இதழில் வேற்றுச் சமூகத்தார் ஒருவரது சரிதத்தை எழுதியது ஏனென்று சிலர் வினவலாம். நம்மவருள் ஒருவர் நகரசபைக்கோ ஊராட்சிக்கோ நிற்கும்போது, அவர் நம் குலத்தவர் என்பதொன்றே போதுமென்று நாம் வாக்களிக்கின்றோம். அவர் வென்றபின் நம் தெருவுக்கு மட்டும் விளக்கும் குழாயும் வரல் வேண்டுமென்று எதிர்பார்க்கின்றோம். அவர் கூட்டத்துக்குச் செல்கின்றாரா, காகிதங்களைப் படிக்கின்றாரா, கணக்குக் கேட்கின்றாரா என்று வினவுவாரில்லை. எண்ணிக்கையிற் சிறிய பார்ஸி சமூகத்திற் பிறந்த பிரோஸ்ஷா, தம் குலத்தாரின் வாக்கை மட்டும் நம்பியிருந்தால் பம்பாயில் எந்நாளும் தலைமை பெற்றிரார். இந்துக்களும் முகம்மதியரும் கிறிஸ்தவரும் அவரைத் தம்மவராகக் கொண்டது, அவர் நகரம் முழுமைக்கும் உழைத்தமையாலேயாம். அதனால் அவர் பிறந்த சமூகத்துக்கும் பெருமை உண்டாயிற்று. ஒரு குலத்துக்கு உண்மையான புகழ் வருவது இவ்வழியாலேயன்றி வேறு வழியாலன்று.

ஆதலின் நம் இளைஞர்கள் ஊர்ச்சபைக் காரியங்களைக் கற்றுக்கொள்வாராக. பார்வையாளராகவேனும் அதன் கூட்டத்துக்கு ஒருமுறை சென்று, வரவு செலவு எவ்வாறு ஆராயப்படுகின்றதென்று காண்பாராக. நம் சங்கத்தினின்றும் சபை செல்வோர் அயல்தெருவின் வறியவன் குறையையும் தம் குறையாகக் கொண்டு பேசுவாராக. அங்ஙனம் பேசுவார் ஒருவரேனும் நம்மிடையே தோன்றின், இக்கட்டுரை எழுதிய பயன் நிறைவெய்தும்.