பூண்டி ஏரியும் தீரர் சத்தியமூர்த்தியும்

மரக்காணம் உப்பளங்களை அடுத்த எக்கியார்குப்பத்தைப் போன்ற கடற்கரைக் கிராமங்களில் வசிப்பவர்களுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புறம் கடல், மறு புறம் உப்புப் பாத்தி. கிணறு தோண்டினால் அதிலும் உவர் ஏறிவிடுகிறது. இக்கரையிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. அந்தச் சென்னையே குடிதண்ணீருக்குத் தவித்த காலமும் உண்டு. அப்பொழுது அந்நகரின் மேயராக இருந்தவர் ஸ்ரீ சத்தியமூர்த்தி. நிலம் வாங்குவதையும் அணை கட்டுவதையும் பற்றித் தீர்மானம் செய்யும் பொறுப்பை ஏற்றிருக்கும் ஸ்தல ஸ்தாபன அங்கத்தினர் ஒவ்வொருவரும் அவர் சரித்திரத்தை அறிய வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

1887-ஆம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் அவர் பிறந்தார். புதுக்கோட்டையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து வக்கீலானார். 1919-ல் காங்கிரஸ் பிரதிநிதிகளில் ஒருவராகச் சீமைக்குச் சென்று வந்தார். 1923 முதல் சென்னைச் சட்டசபையில் சுயராஜ்யக் கட்சிக்காக வாதாடினார். 1930-ல் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலின்மீது தேசியக் கொடியை ஏற்ற முயன்று சிறை புகுந்தார். 1934-ல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் எழுந்து நின்றால் சர்க்கார் தரப்பு நடுங்கும். வக்கீல்கள் வாயால் மட்டுமே காரியம் செய்பவர்கள் என்று ஊரார் சொல்வதுண்டு. அதே தொழிலைச் சேர்ந்த நாம் அதை அடியோடு மறுக்கத் துணிய மாட்டோம். ஆனால் சத்தியமூர்த்தி விஷயத்தில் அப்பேச்சு செல்லாது.

இந்தியாவின் சம்மதம் கேளாமல் நம் தேசத்தை யுத்தத்தில் இழுத்துவிட்டதைக் கண்டித்து, 1939 அக்டோபரில் ராஜாஜியின் மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. மாகாணம் கவர்னரின் நேர் ஆட்சியில் சென்றது. அடுத்த மாதமே சத்தியமூர்த்தி மேயரானார். பதவிக் காலமோ ஒரே வருஷம். அங்கியும் பொற்சங்கிலியும் அணிந்து வரவேற்புப் பத்திரங்களுக்குப் பதில் சொல்லியே அவர் அவ்வருஷத்தைக் கழித்திருக்கலாம். ஒருவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

1872 முதல் சென்னைக்குப் புழல் ஏரியே தண்ணீர் கொடுத்து வந்தது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் நீரைச் சுத்தி செய்யும் நிலையம் ஏற்பட்டது. ஜனத்தொகை பெருகியது, ஏரி பெருகவில்லை. ஐப்பசி கார்த்திகையில் கொசஸ்தலையாற்றில் புரண்டு வரும் வெள்ளத்தில் பெரும் பகுதியோ எண்ணூரில் கடலில் விழுந்துகொண்டிருந்தது. அதைத் திருவள்ளூரை அடுத்த பூண்டியில் மறித்துத் தேக்குவதே யோசனை. ஆனால் அவ்விடம் நகர எல்லைக்கு வெகு தூரத்தில் உள்ளது. நகரசபை தானாகத் தீர்மானம் போட்டு அங்கே ஒரு மண்வெட்டியும் போட முடியாது. நிலத்துக்கும் பணத்துக்கும் சர்க்காரின் சம்மதம் வேண்டும். சர்க்காருக்கோ யுத்தத்தைத் தவிர வேறு நினைவில்லை. சத்தியமூர்த்தி விடவில்லை. வாதாடினார், வற்புறுத்தினார், சம்மதம் பெற்றார். 1940-ல், தமது பதவிக் காலம் முடியுமுன், கவர்னர் ஸர் ஆர்தர் ஹோப்பின் ஆட்சியிலேயே அஸ்திவாரக்கல்லை நாட்டச் செய்தார்.

மந்திரி பதவிகளைத் துறந்த காங்கிரஸின் மேயர் கவர்னரின் வாசலில் போய் நிற்கலாமா என்று கேட்கும் தீவிரவாதிகளுக்கு நாம் சொல்வது இது: அவர் கேட்டது பட்டமன்று, தண்ணீர். மக்களின் வரிப்பணத்தை மக்களுக்கே செலவிடச் சொல்வது யாசகமும் ஆகாது. குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் யுத்தம் முடியட்டும், சுயராஜ்யம் வரட்டும் என்று சொல்லும் தைரியம் நமக்கில்லை.

எனினும் வேறொரு கணக்கும் உண்டு. பூண்டியில் நீர் தேங்க வேண்டுமானால் வயல்கள் மூழ்க வேண்டும். சுந்தரமூர்த்தி நாயனார் பார்வையிழந்து வந்தபோது ஊன்றுகோல் பெற்ற தலமாகிய திருவெண்பாக்கத்துக் கோயிலும் நீர்ப்பரப்புக்குள் அகப்பட்டது; மூர்த்திகளைப் பூண்டிக்கு எடுத்து வந்து வேறு கோயில் கட்டினார்கள். ஈசனுக்கு இடம் கிடைத்தது. வயலை விட்டெழுந்த குடியானவர்களை நினைப்பார் எத்தனை பேர்? அவர்களுக்குச் சென்னை நகரசபைத் தேர்தலில் வோட்டுக் கிடையாது. அன்று அமலிலிருந்த 1894-ஆம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம் சந்தை விலையையும், அதன்மேல் நூற்றுக்குப் பதினைந்தையும் கொடுக்கச் சொல்லிற்று. அப்பணத்துக்கு வேறிடத்தில் வயல் கிடைக்குமா என்று அது கேட்கவில்லை. மறுவாழ்வையும் நஷ்ட ஈட்டோடு சேர்த்துப் பேசும் சட்டம் 2013-ல்தான் பிறந்தது. பூண்டி அவசியமான வேலை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதன் விலையில் ஒரு பங்கை ஏரிக்குள்ளிருந்த கிராமங்கள் கொடுத்தன என்பதிலும் சந்தேகமில்லை. பட்டணத்தின் தேவைக்காகத் தங்கள் கரையை யாராவது அளக்க வந்தால் எக்கியார்குப்பத்தார் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இந்தப் பங்கைப் பற்றியதே.

மேயர் பதவியிலிருந்து இறங்கியபோது சத்தியமூர்த்தி கண்டது அஸ்திவாரக் கல்லும் தொடங்கிய வேலையுமே. 1942-ல் அவரைச் சிறைப்படுத்தி அமராவதிக்குக் கொண்டு போனார்கள். வழியில் முதுகெலும்பில் காயம் ஏற்பட்டது, அது ஆறவேயில்லை. 1943 மார்ச்சு 28-ந் தேதி, தமது ஐம்பத்தைந்தாம் வயதில், சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் காலமானார். மறு வருஷம், 1944-ல், பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 65 லட்சம் ரூபாய். கொள்ளளவு 2,573 மில்லியன் கன அடி. பிற்காலத்தில் அதை 3,231 ஆக உயர்த்தினார்கள். 1996-ல் கிருஷ்ணா நதியின் நீர் முதன்முதலாகத் தமிழ்நாட்டை அடைந்தபோது வந்து விழுந்ததும் சத்தியமூர்த்தி சாகரம் என்று அவர் பெயரைத் தாங்கிய அந்த ஏரியில்தான்.